அக்காவுடன் ஃப்ளென்ஸ்பூர்க் பார்த்த கதை

ஜெர்மனியில் இருந்த இத்தனை ஆண்டுகளில் ஒரேயொரு நகரத்தைத்தான் நான் முறையாக, வழிகாட்டி வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றிப் பார்த்திருக்கிறேன். அது ஃப்ளென்ஸ்பூர்க். நாட்டின் வடக்கு முனையில், இதற்குமேல் போனால் டென்மார்க் என்னும் இடத்தில் இருக்கிறது. பெர்லினைக்கூட நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃப்ளென்ஸ்பூர்க்கின் வடக்கு வாசலுக்கு எந்தச் செங்கல், எங்கே சுட்டது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஜெர்மனியில் கார் ஓட்டும் யாருக்கும் அப்படி ஓர் ஆசை வராது. வேகமாக ஓட்டினால், சிவப்பு விளக்கில் நிற்காமல் போனால், உங்கள் பெயருக்கு எதிராகப் புள்ளி போட்டு அதைப் பத்திரமாக வைத்திருக்கும் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. நான் அங்கே போகிறேன் என்று தெரிந்ததும் வேலையிடத்தில் ஒரு நண்பர், "என்ன, உம்மடை புள்ளியளை நேரிலை பாக்கப் போறீரோ?" என்று கேட்டார். எனக்கு அப்போது மூன்று புள்ளிகள் இருந்தன.

போனது ஓர் அக்காவுக்காக. உடன்பிறந்த அக்கா இல்லை. பீலெஃபெல்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அகதிகளுக்கென்று நகரசபை ஒதுக்கிய விடுதியில் இருந்தவர். வயது ஐம்பதுக்குக் கிட்ட. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தார். கணவர் பின்னால் வருவதாக இருந்தது. ஒரே மகன் அதற்கும் ஆறு வருடம் முன்பே, பதினாறு வயதில், டென்மார்க்குக்கு வந்து சேர்ந்திருந்தான். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அக்காவின் அறையில் தொலைபேசி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு எடுப்பான், அக்கா பத்தரைக்கே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

தாயும் மகனும் நேரில் பார்த்து எட்டு வருடமாகியிருந்தது. அவனுடைய வதிவிட அனுமதித் தாள் டென்மார்க்குக்குள் மட்டும் செல்லுபடியாகும். அக்காவின் தாள் அதைவிடச் சின்னது. பீலெஃபெல்ட் நகர எல்லையைத் தாண்டுவதற்கே அவர் அன்ட்ராக் எழுதிக் கொடுத்து, அதாவது விண்ணப்பம் போட்டு, அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அவர் போட்ட விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது, மணமக்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகிற சமயத்தில்.

அந்த வருடம் தை மாதத்தில் அக்காவின் கணவர் ஊரில் காலமாகிவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கடிதம் வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. அக்கா விடுதியில் அழுதார், நாங்கள் போய்ப் பக்கத்தில் இருந்தோம். மூன்றாம் நாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, அவனுக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவன் அங்கை தனிய. விழுந்தால் பிடிக்க ஆளில்லை. நான் முகத்தைப் பாத்துத்தான் சொல்லுவன்."

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன். மகன் மறுமுனையில் "அப்பா எப்பிடி?" என்று கேட்பது எனக்குக் கேட்காது. அக்கா "அப்பா சுகம். இருமல்தான் கொஞ்சம். மருந்து எடுக்கிறார்" என்று சொல்வது கேட்கும். ஒரு ஞாயிறு இருமல் சுகமாகியிருக்கும். அடுத்த ஞாயிறு கூரை வேய்ந்திருப்பார். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். எனக்குத் தாங்காது.

ஆக, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முகமோ எல்லைக்கு அந்தப் பக்கம். நான் அப்போது பீலெஃபெல்ட் தமிழர்களின் அரைகுறை வழக்கறிஞன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாடகைச் சண்டை எதுவென்றாலும் என் ஜெர்மன்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டார் அலுவலகத்தில், மகனைப் பார்க்க எல்லைக்குப் போக வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அதிகாரி, எல்லைக்குப் போகிறவர் எல்லையில் நிற்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் நான் ஜெர்மன் படித்த மாலைப் பள்ளியிலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஃப்ளென்ஸ்பூர்க்குக்கு ஒருநாள் பஸ் பயணம். வழிகாட்டியுடன் நகர உலா. கடைசியில் கடலோரமாக டென்மார்க் எல்லையிலுள்ள நடைபாலத்தைப் பார்வையிடல். நான் புதிய விண்ணப்பம் எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் "ஜெர்மானியப் பண்பாட்டை அறிந்துகொள்ளுதல்" என்று போட்டேன். அதே அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். தன் சேவைக்காலத்தில் இதற்காக யாரும் தன்னிடம் அனுமதி கேட்டதில்லை என்றார். குரல் கொஞ்சம் தழுதழுத்த மாதிரி எனக்குப் பட்டது. உடனே முத்திரை குத்தினார். ஃப்ளென்ஸ்பூர்க் நகர உலாவில் முழுமையாகப் பங்குபற்றுவதற்கு மட்டும், ஒரு நாள்.

மகனிடம், சுற்றுலா வருகிறோம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நில் என்று மட்டும் சொன்னோம். அவனுக்குச் சனிக்கிழமையும் பின்னேர வேலை. கூட வேலை செய்யும் ஒரு டேனிஷ்காரர் காரில் கொண்டுவந்து விடுவார், ஆனால் இரண்டு மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்றான். நிகழ்ச்சி நிரல்படி நாங்கள் ஒரு மணிக்குப் பாலத்தில் இருப்போம். ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அக்கா அந்த ஒரு மணித்தியாலத்தையும் பங்கு பிரித்து வைத்திருந்தார்.

"சாப்பிட இருபது நிமிசம். சொல்ல ஒரு நிமிசம். மிச்சம் அவன் அழ."

சாப்பாடு முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. செத்த செய்தியை எங்கள் ஊரில் வெறும் வயிற்றுக்காரனிடம் சொல்வதில்லை. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு முதலில் சோற்றைப் போடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அறிந்தவர்களாக, ஒன்றும் அறியாத முகத்தோடு, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்பார்கள். கேட்டபிறகு அவன் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடப்பானோ, யாருக்குத் தெரியும். இதை யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்குப் பஸ் புறப்பட்டது. நாற்பது ஜெர்மானியர்கள், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். நாங்கள் இருவர். அக்கா மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகளில் பிட்டும், முட்டைக் குழம்பும், கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டி மடியில் வைத்திருந்தார். அனுமதித் தாள் கைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள். முன் இருக்கைக் கிழவர் இரண்டு தரம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். பிறகு என்ன மசாலா என்று கேட்டார். ஹம்பூர்க் வரை அவருக்கு மிளகாய்த்தூள் பற்றி விளக்கம் கொடுத்தேன்.

ஹம்பூர்க் தாண்டி ஓர் இளைப்பாறும் இடத்தில் பஸ் நின்றது. அக்கா கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. வட்டமாக, சிவப்பாக, அளவாக வைத்த பொட்டு. நான்கு மாதமாக நான் பார்த்துப் பழகியது வெறும் நெற்றி.

"கண்டவுடனை அவனுக்கு விளங்கக் கூடாது" என்றார். "சாப்பிட்டாப் பிறகு அழிச்சுப்போடுவன்."

நான் தலையாட்டினேன். பஸ் புறப்பட்டது. அதற்குப் பிறகு ஃப்ளென்ஸ்பூர்க் வரை நான் மிளகாயைப் பற்றிப் பேசவில்லை.

துறைமுகத்தில் பதினொரு மணிக்கு வழிகாட்டி காத்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, கையில் சிவப்புக் குடை. காற்று கடலிலிருந்து நேரே வந்து முகத்தில் அறைந்தது. அம்மையார் அந்தக் காற்று இல்லாதது போலவே பேசினார். கூட்டத்தில் அக்காவைக் கண்டதும் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. இவ்வளவு தூரத்திலிருந்து என் ஊரைப் பார்க்க வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அது தவறு. அதற்குப் பிறகு அவர் மற்ற நாற்பது பேரையும் விட்டுவிட்டு, முழு நகரத்தையும் அக்காவுக்கே காட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்தி, நான் மொழிபெயர்த்து முடியும்வரை காத்திருந்தார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இரண்டாவது தேவாலயத்தடியில் நைசாகக் கழன்று, நகரப் பஸ்ஸைப் பிடித்துப் பன்னிரண்டரைக்கே பாலத்துக்குப் போய்விடலாம். அக்காவிடம் காதோடு சொன்னேன். அவர் நடந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"தாளிலை முழுமையா எண்டு கிடக்குதெல்லே?"

"அதை ஆரக்கா பாக்கப்போறாங்கள்?"

"இடையிலை விட்டிட்டுப் போனால் களவு, தம்பி. நாளைக்கு என்ரை கேசிலை எழுதுவாங்கள். பிறகு அவன்ரை கேசிலையும் எழுதுவாங்கள். நீர் உந்த அம்மாவைக் கேளும், நான் முழுக்கப் பாத்தனான் எண்டு ஒரு கையெழுத்து வைச்சுத் தரச் சொல்லி."

நான் கேட்டேன். அம்மையார் தாளை வாங்கி வாசித்தார். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஆனால் உலா இன்னும் முடியவில்லையே, முடியாத ஒன்றை முடிந்தது என்று எப்படி எழுதுவது, வடக்கு வாசலில் முடிப்போம், அங்கே போடுகிறேன் என்றார். இதை மொழிபெயர்த்தபோது அக்கா, அம்மையாரை மரியாதையோடு பார்த்தார். தாள் விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. நான்தான் இடையில் அகப்பட்டவன்.

ஆகவே நகரத்தைப் பார்த்தோம். வணிகர்களின் நீண்ட முற்றங்களைப் பார்த்தோம். செங்கல் தேவாலயம் ஒன்றைப் பார்த்தோம், பிறகு இன்னொரு செங்கல் தேவாலயத்தைப் பார்த்து, முதலாவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று கேட்டறிந்தோம். அக்கா ஒவ்வொரு இடத்திலும் சுவரைத் தொட்டுப் பார்த்தார், அதிகாரி கேட்டால் சொல்வதற்கு.

ஓரிடத்தில் அம்மையார் இந்தப் பகுதி முன்பு டென்மார்க் அரசனிடம் இருந்தது, பிறகு ஜெர்மனியிடம் வந்தது, முதலாம் உலகப் போர் முடிந்ததும் மக்களிடமே வாக்கெடுத்து எல்லையைப் போட்டார்கள் என்று விளக்கினார். அக்கா முதல்முறையாக என்னிடம் கேள்வி கேட்டார்.

"சனத்தைக் கேட்டவையோ?"

"ஓம் அக்கா. எந்த நாட்டோடை இருக்க விருப்பமெண்டு கேட்டவை."

"எல்லாரையுமோ?"

"வாக்குப் போட்டவை."

"கேட்டபடி குடுத்தவையோ?"

"ஓம்."

அக்கா தெருவைப் பார்த்தார். "எங்களையும் ஒருக்கால் கேட்டால் என்ன?" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அம்மையார் ஆவலோடு விசாரித்தார். எல்லை மிக அழகாக இருக்கிறது என்கிறார் என்று சொன்னேன்.

இதுவரை பிழை என்னுடையது என்று முழுதாகச் சொல்ல முடியாது. அடுத்தது முழுக்க என்னுடையது. ஒரு பழைய களஞ்சியத்தின் முன்னால் நிறுத்தி, இந்த நகரம் ரம் என்னும் மதுவால் செழித்த நகரம், கரீபியன் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரையும் ரம்மும் இங்கே வந்து இறங்கின என்றார் அம்மையார். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மணித்தியாலமாக மற்றவர் பேச்சையே பேசிப் பேசி எனக்கு வாய் நமநமத்தது. நாற்பது ஜெர்மானியர்களுக்கு முன்னால் என் ஜெர்மனைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு. "அங்கே கரும்பு வெட்டியது யார்?" என்று கேட்டேன், துணைவினையெல்லாம் சரியான இடத்தில் போட்டு.

நல்ல கேள்விதான். இன்றைக்கும் அந்தக் கேள்வியில் நான் குறை காண மாட்டேன். அம்மையார் குடையைக் கீழே ஊன்றினார். இத்தனை வருட அனுபவத்தில் இதை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு பதில் சொன்னார். அடிமைகளைப் பற்றி, கப்பல்களைப் பற்றி, இந்த ஊர்ப் பெரிய வீடுகள் எந்தக் காசில் எழும்பின என்பதைப் பற்றி. ஒளிக்காமல், நிதானமாக, முப்பத்தைந்து நிமிடம். ஜெர்மனியில் கேள்வி கேட்டவனுக்குப் பதில் கிடைத்தே தீரும். நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மார்போடு சேர்த்து அணைத்திருந்த பெட்டிகளை அடிக்கடி தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. அது பீலெஃபெல்டிலேயே ஆறிப்போயிருக்கும்.

வடக்கு வாசலில் கையெழுத்துக் கிடைத்தது. அம்மையார் தேதி போட்டு, நேரமும் போட்டார். ஒன்று முப்பத்தொன்பது.

பஸ் எங்களையும் அம்மையாரையும் பாலத்தடியில் இறக்கியபோது இரண்டுக்குப் பதினாறு நிமிடம் இருந்தது. அக்காவுக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை. வெட்கம் என்ற சொல் போதாது. அந்த ஒரு மணித்தியாலத்தை அந்த மனுஷி நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தார். அதில் முக்கால்வாசியை நான் ஒரு துணைவினைக்காக அள்ளிக் கொடுத்துவிட்டேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இறங்கும், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பாலம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். எங்கள் ஊரில் இதை மதகு என்பார்கள். கடலுக்குப் போகும் ஒரு சின்ன ஓடை, அதன் மேல் பலகை அடித்த நடைபாதை, இரண்டு பேர் ஒதுங்கிப் போகலாம். யார் யார் கடக்கலாம் என்று ஒரு பலகை. காவல் கூண்டு ஒன்று, அன்று அதில் ஆள் இல்லை. யாரும் ஓடிக் கடந்துவிடலாம். அதனால்தான் அக்கா கால்களைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"எல்லை எங்கை எண்டு கேளும்."

கேட்டேன். பாலத்தின் நடுவில் என்றார் அம்மையார். அக்கா நடுவுக்கு ஒரு பலகை முன்னால் நின்றுகொண்டார்.

அந்தப் பக்கத்தில் தோல் ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞன் நின்றான். மீசை, உயரம், கையில் அணைத்த சிகரெட். பின்னால் தெருவில் ஒரு வெள்ளைக் கார். அவனும் நடுவுக்கு ஒரு பலகை முன்னால் வந்து நின்றான். இருவருக்கும் இடையில் இரண்டு பலகை. பதினாறு வயதில் போனவனை அக்கா கீழிருந்து மேலே பார்த்தார். அவன் அக்காவின் நெற்றியைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். அந்தப் பார்வை நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதை நான் கவனித்தேன். ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

"சாப்பிட்டனியோ?" என்றார் அக்கா. எட்டு வருடத்துக்குப் பிறகு முகம் பார்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"இல்லையம்மா."

"முதல் சாப்பிடு."

பெட்டியைத் திறந்து எல்லைக்கு மேலாக நீட்டினார். நான் இடையில் புகுந்து, சாப்பாடு எல்லை தாண்டலாமா என்று அம்மையாரிடம் கேட்கவா என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டேன்.

அவன் நின்றபடி சாப்பிட்டான். அக்கா பெட்டியைப் பிடித்திருந்தார். அவன் பிட்டில் குழம்பை விட்டுப் பிசைந்து வாய்க்குள் வைக்கும்போதெல்லாம் அவர் அடுத்த பெட்டியிலிருந்து அள்ளிப் போட்டார். போதும் என்று அவன் சொல்லவில்லை. போடட்டுமா என்று அக்கா கேட்கவும் இல்லை. நான் சாப்பிடுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஒழுங்காக, கடைசிப் பருக்கை வரை ஒருவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாற்பது ஓய்வூதியக்காரர்களும் கரையில் நின்று ஓடையைப் பார்த்தார்கள். ஓடையில் ஒன்றும் இல்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று பெட்டியும் காலி. கை கழுவத் தண்ணீர்ப் போத்தல் எடுக்க அக்கா கரையிலிருந்த பைக்குப் போனார். அவர் கரைப்பக்கம் திரும்பியதும் அவன் என் பக்கமாகச் சாய்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"அப்பா போனதை. எனக்கு மாசியிலையே கோப்பன்ஹேகனிலை எங்கடை ஊராக்கள் சொன்னவை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா சுகம் சுகமெண்டு அவ சொல்லுறா. பாவம், அவவுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை எண்டு விளங்கீட்டுது. நானும் தெரிஞ்ச மாதிரிக் காட்டேல்லை. அவ அங்கை தனிய. நேரிலை சொல்லுவமெண்டுதான் இண்டைக்கு வந்தனான். பொட்டோடை வந்து நிக்கிறா, அண்ணை. எனக்கு ஏலாது. நீங்கள் பஸ்ஸிலை, அவ ஏதும் சாப்பிட்டாப் பிறகு சொல்லுங்கோ."

அக்கா தண்ணீரோடு வந்தார். என்னைக் கடக்கும்போது, "வடிவாச் சாப்பிட்டிட்டான். இனிச் சொல்லலாம்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அவன் கையில் தண்ணீரை ஊற்றினார். "ராசா" என்றார். அதற்குமேல் வரவில்லை. அவன் "அம்மா" என்றான். அவனுக்கும் வரவில்லை. வெள்ளைக் காரிலிருந்து ஹார்ன் கேட்டது.

இரண்டு பேருக்கும் தெரியும் என்பது அந்தப் பாலத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் பேசாமல் விட்டால் அவன் டென்மார்க்குக்குப் போவான், இவர் பீலெஃபெல்டுக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை மறுபடி இருமல் சுகமாகும்.

"அக்கா, தம்பிக்குத் தெரியும்" என்றேன். "மாசியிலையே தெரியுமாம்." பிறகு அவனைப் பார்த்து, "அம்மாவுக்கும் தெரியும். உமக்குத்தான் மறைச்சவ" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் ஆளைக் கொன்றவன் போல. பிறகு அவன் தாயின் பக்கம் திரும்பினான்.

"அப்ப உந்தப் பொட்டு?"

"நீ சாப்பிட வேணுமெண்டு."

அவன் முகம் உடைந்தது. அக்கா இரண்டு பலகையையும் ஒரே எட்டில் தாண்டினார். மீசை வைத்த அந்த நெடுவலை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார், எட்டவில்லை, அவன் குனிந்தான். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். என் பின்னால் வழிகாட்டி அம்மையாரின் குரல் கேட்டது. அவர் நாற்பது பேரையும் கடல் பக்கமாகத் திருப்பி, அந்தக் குடாவின் ஆழத்தைப் பற்றி உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

மறுபடி ஹார்ன் கேட்டது. அக்கா அவனை நிமிர்த்திப் பிடித்தார்.

"அறிஞ்ச அண்டைக்கு முழுகினனியோ?"

"முழுகினனான்."

"ஆர் கூட நிண்டது?"

"ஒருத்தருமில்லை. விடியப்புறம் தனியத்தான் முழுகினனான். அப்பிடியே வேலைக்குப் போட்டன்."

"தலை துவட்டாமலோ?"

அக்கா கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை உருவினார். அவனைக் குனியச் சொல்லி, அந்தக் காய்ந்த தலையைத் துவட்டத் தொடங்கினார். ஹார்ன் மூன்றாம் தரமும் கேட்டது. அவர் பிடரியைத் துவட்டினார், பிறகு இரண்டு காதுக்குப் பின்னாலும் துவட்டினார்.